பதினோரு விநாடி

“அவன் எவ்வளவு நேரம் முனகலாம் என்று மட்டும் சொல்லுங்கள் அண்ணா. அந்த அளவுக்கு வெட்டித் தருகிறேன்.”

“ஆட்டக்காரனுக்குத் தொந்தரவு இல்லாத அளவுக்கு.”

இவ்வளவுதான் நடந்தது. அவள் தலையசைத்தாள், திரையின் பக்கம் திரும்பினாள், பதினோரு விநாடி ஒலி முக்கால் விநாடி ஆனது. பிறகு இருவரும் தேநீர் குடிக்கப் போனோம். யாரும் குரலை உயர்த்தவில்லை, யாருக்கும் மனம் கோணவில்லை. மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் அந்தப் பதிலை எனக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று யோசித்தால் நூறு வாக்கியங்கள் வருகின்றன. வேறு என்ன செய்திருக்கலாம் என்று யோசித்தால் ஒன்றும் வருவதில்லை.

போர் விளையாட்டுக்கு ஒலி அமைக்கிறவர்களுக்குச் சாவு என்பது ஒரு பட்டியல். தலையில் பட்டுச் சாவது, நெஞ்சில் பட்டுச் சாவது, குண்டு வெடித்துச் சாவது, உயரத்திலிருந்து விழுந்து சாவது, தண்ணீரில் சாவது. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மாற்றுகள் வேண்டும். ஒரே அலறல் திரும்ப வந்தால் காது கண்டுபிடித்துவிடும். எதுவும் 0.8 விநாடியைத் தாண்டக் கூடாது என்று நான்தான் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். கைப்பேசியில் விளையாடும் ஆட்டம். தமிழ்க் குரலும் சேர்க்கிறோம் என்பதால் நாடகக் கலைஞர் ஒருவரை அழைத்திருந்தோம். காலை பத்து மணிக்கு வந்தவர் பகல் சாப்பாட்டுக்குள் நாற்பது முறை செத்துக் கொடுத்தார்.

பட்டியல் முடிந்த பிறகு அவள் அவரிடம் ஒன்று கேட்டாள். “ஐயா, இவன் சாகவில்லை. விழுந்து கிடக்கிறான், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.” அவர் ஒலிவாங்கியை விட்டு ஓர் அடி தள்ளி, தரையில் உட்கார்ந்துகொண்டார். முதலில் மூச்சு மட்டும். பிறகு எதையோ கேட்பது போன்ற ஒரு முனகல். ஒன்பதாவது விநாடியில் “அம்மா” என்றார். வலியில் நாம் எல்லாரும் சொல்கிற அம்மா இல்லை அது. அடுத்த அறையில் இருப்பவளை அழைப்பதுபோல, சாதாரணமாக, சற்றுத் தயங்கி. பதினோராவது விநாடியில் மூச்சு இருந்தபடியே ஒலி முடிந்தது.

கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். மனதாரச் சொன்னேன். இத்தனை ஆண்டுப் பணியில் எங்கள் ஒலிப்பதிவு அறையில் பதிவான மிகச் சிறந்த ஒலி அதுதான். இதை எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவள் வேலூர்ப் பக்கம், வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கும் ஊர்க்காரி. அவளுடைய அப்பா ராணுவ மருத்துவப் பிரிவில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், துப்பாக்கி ஒலியை எப்படிக் கட்டுகிறோம் என்று அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். உண்மையான துப்பாக்கியைப் பதிவு செய்து அப்படியே போட்டால் பட்டாசு போலச் சப்பென்று இருக்கும். அடியில் கனமான ஒரு மோதல், நடுவே உலோகம் உரசும் ஒலி, கடைசியில் மலையில் பட்டுத் திரும்புவது போன்ற நீண்ட வால் என்று அடுக்கடுக்காகச் சேர்த்தால்தான் கேட்பவனுக்குத் துப்பாக்கி. எலும்பு முறிவதற்கு முருங்கைக்காய் போதும். எல்லாவற்றையும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டவள் சொன்னாள்: “அப்பாவுக்குச் சுடும் சத்தமே நினைவில் இல்லையாம் அண்ணா. யார் யார் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதுதான் நினைவில் இருக்கிறதாம்.” அன்று அதைக் கேட்டுக்கொண்டேன். அது என் வேலையைப் பற்றிச் சொல்லப்பட்டது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

பதினோரு விநாடியையும் அப்படியே வைத்து ஒரு சோதனைப் பதிப்பு தயாரித்தோம். கல்லூரி மாணவர்கள் சிலரை அழைத்து விளையாடச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். அன்று மூன்று பேர் செய்தது எனக்கு மறக்கவில்லை. ஒருவன் காதொலிப்பானைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஒலி இல்லாமலே விளையாடினான். ஒருவன் விழுந்தவன் அருகில் போய் நின்றான். ஆட்டத்தில் உட்கார ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி உட்கார்ந்தான். அங்கேயே சுடப்பட்டுத் தோற்றான். மூன்றாமவன் திரும்பி வந்து, கீழே கிடந்தவனை இன்னும் நான்கு முறை சுட்டான். ஒலி நிற்கவில்லை. “இது நிற்காதா சார்?” என்று எங்களைப் பார்த்துக் கேட்டான். அவன் கெட்ட பையன் இல்லை. போகும்போது எல்லாருடைய தண்ணீர்க் குவளைகளையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனவன் அவன்தான்.

அடுத்த நாள் கூட்டத்தில் முடிவு என்னுடையது என்று விட்டுவிட்டார்கள். வெட்டலாம் என்றேன். காரணமும் சொன்னேன்: காதொலிப்பானைக் கழற்றியவனைப் போன்றவர்கள் இருக்கிறார்கள், வீட்டில் என்ன இழப்போடு விளையாட வருகிறார்களோ தெரியாது, பதினாறு வயதுப் பையன் காதுக்குள் இதை ஏன் ஊற்ற வேண்டும் என்று. நல்ல காரணம். பொய்யான காரணமும் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது என் கண்முன் நின்றவன் அவன் இல்லை, உட்கார்ந்தவன். அவன் தோற்றுப்போனான். இரண்டு மூன்று முறை அப்படித் தோற்றால் ஆட்டத்தையே அழித்துவிட்டுப் போய்விடுவான். ஒலி அமைப்பாளனாக என்னைப் பயமுறுத்தியவன் அந்தப் பையன்தான்.

போர் விளையாட்டு ஏன் இளைஞர்களை இப்படி இழுக்கிறது என்று அதை உருவாக்குகிறவர்களைக் கேட்டால் உங்களுக்குக் கிடைக்கும் பதில், பெற்றோர் நினைப்பதுபோல் இருக்காது. கொல்வதில் ஆசை என்று நான் நம்பவில்லை. என் அக்கா மகனை ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டேன். 2020-ல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பப்ஜியில் ஊறிக் கிடந்தவன் அவன். அந்தச் செப்டம்பர் 2-ஆம் தேதி இந்திய அரசு அதைத் தடை செய்தபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நூறு பேர் ஒரு தீவில் குதிப்பார்கள், வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் மிஞ்சுகிறவர் வென்றவர். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

“கடைசி ஐந்து பேர் இருக்கும்போது சுடும் சத்தம் நின்றுவிடும் மாமா. காலடி மட்டும்தான் கேட்கும். அவன் புல்லில் நடக்கிறானா, மரப்பலகையில் நடக்கிறானா என்று கேட்டே சொல்லிவிடுவேன். அப்போது என் நெஞ்சு அடிப்பதே எனக்குக் கேட்கும்.”

எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. காலடி ஓசை எங்கள் வேலை. அவன் சொன்னதில் கொலை எங்கே இருக்கிறது? கவனம் இருக்கிறது, பயம் இருக்கிறது, கூட விளையாடும் நண்பர்கள் மூன்று பேரின் குரல் இருக்கிறது. பள்ளியில் எழுதிய தேர்வுக்கு மதிப்பெண் வர வாரங்கள் ஆகும். இங்கே செய்ததற்குப் பதில் கண் இமைப்பதற்குள் வந்துவிடுகிறது. குறி தப்பாமல் பட்டதும் ‘டிக்’ என்று ஒரு சின்ன ஒலி வரும். ஆட்டக்காரர்கள் அதை ஹிட்மார்க்கர் என்பார்கள். எங்கள் ஆட்டத்தில் அந்த ஓர் ஒலிக்காக ஒரு மாதத்துக்கு மேல் உழைத்திருக்கிறேன். தாழ்ப்பாள் விழுவதும் கரும்பு ஒடிவதும் கலந்த ஒலி அது. நீ சரியாகச் செய்தாய் என்று ஒரு பையனுக்கு ஒரு நாளில் நூறு முறை யார் சொல்கிறார்கள்?

இப்படி நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வேன். உடனே அடுத்த கேள்வி வந்துவிடும். கவனமும் பயமும் நண்பர்களும்தான் காரணம் என்றால் கண்ணாமூச்சி போதுமே. துப்பாக்கி எதற்கு? துப்பாக்கியை எடுத்துவிட்டால் அந்தக் காலடி ஓசைக்கு நெஞ்சு அடிக்காது. பிடிபட்டால் சாவு என்று இருக்க வேண்டும், ஆனால் செத்தால் ஒன்றும் ஆகக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் நம்பவைப்பதுதான் எங்கள் கலை. சாவை மெய்யாக்க அடுக்கடுக்காக ஒலி சேர்க்கிறோம். அது முடிந்த அடுத்த நொடியை முழுவதுமாகத் துடைக்கிறோம். தடைக்குப் பிறகு 2021-ல் அதே ஆட்டம் பிஜிஎம்ஐ என்று திரும்பி வந்தபோது ரத்தம் பச்சையாகிவிட்டது, கில் என்ற சொல் ஃபினிஷ் ஆகிவிட்டது. அக்கா மகன் ஒரு நாளில் பழகிக்கொண்டான். சிவப்போ பச்சையோ, எது இருந்தாலும் ஆட்டம் நடக்கும். விழுந்தவன் இன்னும் கிடக்கிறான் என்பது மட்டும் இருக்கக் கூடாது.

கதைகளும் இதைத்தான் செய்தன. தாத்தா வாரப் பத்திரிகைகளில் வந்த சரித்திரத் தொடர்களைக் கிழித்துத் தைத்து வைத்திருப்பார். பதின்மூன்று வயதில் அவற்றில் ஊறிக் கிடந்தேன். குதிரைக் குளம்படியோடு அத்தியாயம் தொடங்கும். வாள் நாயகனின் தோளில்தான் படும், ஒருபோதும் வயிற்றில் படாது. பச்சிலை வைத்துக் கட்ட ஒருத்தி வருவாள். போர்க்களத்தில் மற்ற ஆயிரம் பேர் என்ன ஆனார்கள் என்று நான் அன்று ஒருமுறையும் கேட்டதில்லை. “அடுத்த வாரம் தொடரும்” என்ற இடத்தில் நெஞ்சு அடித்தது மட்டும் நினைவிருக்கிறது. அக்கா மகனுக்குக் காலடி, எனக்குக் குளம்படி.

விழுந்தவனைக் காட்டினால் எல்லாம் மாறிவிடும் என்றும் சொல்ல முடியவில்லை. கலிங்கத்துப்பரணி விழுந்தவர்களைத்தானே காட்டுகிறது? காளிக்குக் கூளி வந்து போரைச் சொல்கிறது. பிறகு பேய்கள் களத்தில் கூழ் காய்ச்சுகின்றன. பிணங்களிலிருந்து அடுப்பு, பானை, அகப்பை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கின்றன. போருக்குப் பிந்திய நொடியை அவ்வளவு நேரம் பார்த்த கவி ஜெயங்கொண்டாரைப் போல் வேறு யார்? ஆனால் வகுப்பில் நாங்கள் எதை மனப்பாடம் செய்தோம்? “எடுமெடு மெடுமென” என்று பெஞ்சில் தாளம் தட்டிக்கொண்டு, போர் மூளும் சத்தத்தை. கூழ் காய்ச்சும் பகுதிக்கு வந்தபோது பையன்கள் இன்னும் உற்சாகமானோம். முகம் சுளித்தபடியே அடுத்த பாட்டைக் கேட்டோம். ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளாக அந்த ஒலி தாளத்தோடு வந்துகொண்டிருக்கிறது. எங்கள் பதினோரு விநாடிக்குத் தாளம் இல்லை. ஒருவேளை அதுதான் அதன் குற்றம்.

அவளிடம் இதை எல்லாம் சொல்லியிருக்கிறேன். அவள் எப்போதும் ஓர் உதாரணம் வைத்திருப்பாள். போலந்தில் வார்சாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 2014-ல் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’. 1992 முதல் 1996 வரை போஸ்னியாவின் சரயேவோ நகரம் முற்றுகையில் கிடந்ததை மனத்தில் வைத்து உருவானது. அதில் நீங்கள் வீரர் இல்லை. இடிந்த வீட்டில் பசியோடு ஒளிந்திருக்கும் சாதாரண மனிதர்கள். இரவில் வெளியே போய்ப் பொறுக்கி வர வேண்டும். 2020-ல் போலந்து அரசு அதைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. “அங்கே முடிகிறதே அண்ணா” என்பாள்.

அவளுக்காகவே அதை விளையாடினேன். ஒரு வீட்டில் வயதான தம்பதியர் இருப்பார்கள். கையில் ஆயுதம் இல்லை. அவர்களுடைய மருந்தை எடுத்தால் அந்த முதியவர் கெஞ்சிக்கொண்டே பின்னால் வருவார். எடுத்தேன். திரும்பி வந்ததும் என் ஆட்கள் மனம் உடைந்து உட்கார்ந்துவிட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மருந்தை எடுக்கும் முன், அந்த இருட்டில் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தபோது, எனக்குள் இருந்தது இரக்கம் இல்லை. அக்கா மகன் சொன்ன அதே நெஞ்சடிப்பு. எத்தனை கட்டுத்துணி கிடைத்தது என்று எண்ணினேன். போருக்கு எதிரான ஆட்டத்திலும் அந்த விறுவிறுப்பை ஒலி அமைப்பாளர் எனக்குக் கொடுத்துத்தான் உள்ளே அழைத்துப் போனார். அவர் செய்ததும் என் வேலைதான். மறுநாள் அவளிடம் இந்தப் பாதியைச் சொல்லவில்லை. நல்ல ஆட்டம் என்று மட்டும் சொன்னேன்.

முக்கால் விநாடிக்கு வெட்டிய மறுவாரம் எனக்கே மனம் கேட்கவில்லை. முழு ஒலியையும் ஆட்டத்தில் வைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். நாங்கள் பயன்படுத்தும் வைஸ் மென்பொருளில் ஒவ்வோர் ஒலிக்கும் 0 முதல் 100 வரை ஒரு முன்னுரிமை எண் கொடுக்கலாம். ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் ஒலிகள் மோதினால் எண் குறைந்தது அடங்கிவிடும். எதுவும் செய்யாவிட்டால் 50. துப்பாக்கிக்கு 90 வைத்திருந்தோம், காலடிக்கு 85. பதினோரு விநாடிக்கு 5 வைத்தேன். சுற்றிலும் வேறு எதுவும் நடக்காத நேரத்தில், விழுந்தவன் அருகே யாராவது நின்றால், அவனுக்கு மட்டும் கேட்கும். உட்கார்ந்த அந்தப் பையனுக்காக என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவனைப் பார்த்துப் பயந்தவனும் நான், அவனுக்காக இதை வைத்தவனும் நான்.

அவளிடம் காட்டியபோது உடனே கேட்டாள்: “நம் ஆட்டத்தில் வேறு எதுவும் நடக்காத நேரம் எது அண்ணா?”

“வரும். நூறு ஆட்டத்துக்கு ஒருமுறை வரும்.”

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சரி, யாராவது ஒருத்தனுக்காவது கேட்கும்” என்றாள். அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை நான் பல நாள் என் கணக்கில் வரவாக வைத்திருந்தேன். தொந்தரவு இல்லாத அளவுக்கு என்று சொன்னவன்தான், ஆனால் அழித்துவிடவில்லை என்று. ஓராண்டு கழித்து அவள் பெங்களூருக்கு வேறு வேலைக்குப் போனாள். இப்போது கார்ப் பந்தய விளையாட்டுகளுக்கு ஒலி அமைக்கிறாள். பொங்கலுக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறாள். போன முறை, “நம் ஆள் நலமா?” என்று கேட்டிருந்தாள். நலம் என்று எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் அதைத் தேடிப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கைப்பேசி ஒன்றில் எங்கள் ஆட்டத்தைத் திறந்து, ஆள் குறைவான வரைபடமாகத் தேர்ந்தெடுத்து, ஓர் எதிரியை வீழ்த்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றிலும் யாரும் இல்லை. மூச்சு கேட்டது. முனகல் தொடங்கியது. ஆறாவது விநாடியில் உடல் மறைந்துவிட்டது, ஒலியும் அதோடு நின்றது. மறுபடி செய்தேன். ஆறு விநாடி. வேறு கைப்பேசியில் செய்தேன். ஆறு விநாடி.

விலை குறைந்த கைப்பேசிகளில் நினைவகம் போதாது என்பதால் விழுந்த உடல்களை ஆறு விநாடியில் அகற்ற வேண்டும் என்று வெளியீட்டுக்கு முன்பே நிரல் எழுதுவோர் முடிவு செய்திருக்கிறார்கள். சோதனைப் பதிப்பில் அது இல்லை. உடலோடு கட்டிய ஒலி உடலோடு போய்விடும் என்பது எங்கள் ஆட்டத்தின் ஏற்பாடு, அதைச் செய்தவனே நான். பழைய மின்னஞ்சல்களைத் தேடினேன். அகற்றுவது பற்றிய கடிதம் இருந்தது. பெறுநர் வரிசையில் மூன்றாவதாக என் பெயர். தேதியைப் பார்த்தால், நான் 5 என்ற எண்ணை அவளுக்குக் காட்டிய நாளுக்கு நான்கு நாள் முன்பு. படித்திருந்தேனா? திறந்த கடிதமாகத்தான் இருக்கிறது. வேலை நெருக்கடியில் ஒரு நாளைக்கு அறுபது எழுபது கடிதங்கள் வரும் காலம் அது. படித்து மறந்திருக்கலாம். படிக்காமலே திறந்து மூடியிருக்கலாம். மூன்றாவதாக ஒன்றும் இருக்கலாம். அதை எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

“அம்மா” ஒன்பதாவது விநாடியில் வருகிறது.

பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவள் மறுபடி கேட்பாள்.